சாக்குக்குக் கொடுத்த வாக்கு

மருமகனை வினாயகமூர்த்தி காலைச் சொறிகிற விதத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். வலது கால் பெருவிரலால் இடது கெண்டைக்காலைச் சொறிகிற பழக்கம் நல்லரத்தினத்துக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. முகம்தான் தெரியவில்லை. தலையிலிருந்து முழங்கால்வரை சாக்கு மூடியிருந்தது, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை.

பழுகாமத்தில் அன்று விடிந்ததுமே சுற்றிவளைப்பு. ஆண்கள் எல்லாரையும் இராணுவம் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசை வரிசையாக இருத்தியிருந்தது. பாலத்தடியில் பஸ்ஸை மறித்து இறக்கியவர்களையும் கொண்டுவந்து பின்னால் இருத்தினார்கள். திரும்பிப் பார்த்தால் துவக்குப் பிடியால் அடி விழும் என்பதால் யாரும் திரும்பவில்லை.

சட்டம் எளிது. ஒவ்வொருவராக எழும்பி, ஆள் காட்டிக்கொடுக்க நிறுத்தியிருக்கும் அந்தச் சாக்கின் முன்னால் போய் நிற்க வேண்டும். சாக்கு 'இல்லை' என்று தலையசைத்தால் வீடு, 'ஓம்' என்று ஆட்டினால் லொறி. லொறியில் ஏறிப் போனவர்களைப் பற்றி ஊரில் யாரும் வாய் திறப்பதில்லை.

தனக்கு லொறிதான் என்பதில் வினாயகமூர்த்திக்குச் சந்தேகமே இல்லை. நல்லரத்தினம் அவருடைய செத்துப்போன தங்கையின் மகன், அவருக்கு ஒரே மருமகன். மகள் சீதேவிக்கு உரிமை மாப்பிள்ளை, அவளுக்கும் அவன்மேல்தான் விருப்பம். உழைப்புப் பிழைப்பு இல்லாதவனுக்குப் பெண் இல்லை என்று சொல்லிவிட்டு, டவுனில் உத்தியோகம் பார்க்கும் ஒரு கிளாக்கருக்கு அவளைப் பேசி முடித்தவர் இவர்.

"இதுக்கு ஒரு நாளைக்கு அனுபவிப்பீங்க, மாமா" என்று சொல்லிவிட்டு வாகரைக்கு மீன்பிடிக்கப் போனவன்தான். மாதக்கணக்காக ஆளைக் காணவில்லை. இப்போது சாக்குக்குள் வந்து நிற்கிறான்.

வினாயகமூர்த்தி ஊரின் வட்டைவிதானை. வயல்வெளிக்குத் தண்ணீர் பங்கிடுவது அவர் பொறுப்பு. இந்த வாய்க்காலில் நின்று அடுத்த வாய்க்காலில் நிற்பவனை ஏசி ஏசியே வளர்ந்த தொண்டை, மெதுவாகப் பேசி ஒருவரும் கேட்டதில்லை. இன்றைக்குக் கத்தினால் கதை முடிந்தது என்பது அவருக்கே விளங்கியது.

அவர் முறை வந்தது. தமிழ் தெரிந்த ஒரு சிப்பாய் கேட்டான்.

"உனக்கு என்ன வேலை?"

"வெள்ளாமை, ஐயா. ஒரு கதை சொல்லட்டா?"

சிப்பாய் கதிரையில் இருந்த அதிகாரியைப் பார்த்தான். அதிகாரி தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். குடித்து முடியும்வரை சொல்லட்டும் என்பதுபோல் கையைக் காட்டினார்.

வினாயகமூர்த்தி சாக்கின் ஓட்டைகளைப் பார்த்தபடி நிதானமாகத் தொடங்கினார்.

"சூறாவளி வருசம், ஐயா. என்ட தங்கச்சி ஆச்சிப்பிள்ளைக்கு மேல சுவர் விழுந்திட்டு. நான் போகக்குள்ள சீவன் கிடந்தது. பொடியன என்ட கையில தந்தவள். 'அண்ணன், இவன உங்கட மகளுக்குத்தான் குடுக்கணும்' எண்டாள். மறுகா பேசல்ல."

மைதானத்தில் ஓர் இருமல்கூட இல்லை. விதானையார் மெதுவாகப் பேசினாலே கடைசி வரிசைவரை கேட்டது.

"அவனத் தோளில வெச்சிக்கிட்டு இடுப்பளவு வெள்ளத்தில நிண்டன். என்ட தலைமயிரப் புடிச்சிக்கிட்டு, 'மாமா, விட்டுடாதீங்க' எண்டான். விடல்ல, ஐயா. தண்ணி வத்துமட்டும் விடல்ல."

இதுவரை சொன்னது அத்தனையும் உண்மை. சொல்லச் சொல்ல, இப்படித் தூக்கி வளர்த்த பிள்ளையையா விரட்டினோம் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தால் உயிர் தப்பாது. மீதியை அவர் தேவைக்கு ஏற்றபடி சொன்னார்.

"இப்ப வளவில கல்வீடு கட்டுறன். அது மகளுக்கும் அவனுக்கும்தான். கிளாக்கருக்குப் பேசினது எண்டு சனம் சொல்லும், அதெல்லாம் சும்மா கதை. அவன் வந்து நிண்டா அடுத்த முகூர்த்தத்திலயே தாலி கட்டலாம். என்ட வயலும் அவங்களுக்குத்தான். கண்ணகையம்மாளாணை!"

சிப்பாய் மொழிபெயர்க்க மறந்துபோய் நின்றான். அதிகாரி கோப்பையைக் கீழே வைத்தார்.

சாக்கு அசையாமல் நின்றது. மறுபடியும் ஒருதரம் காலைச் சொறிந்தது. பிறகு மெல்ல 'இல்லை' என்று தலையசைத்தது.

தப்பியவர்கள் எல்லாம் முடியும்வரை மதிலோரம் குந்தியிருக்க வேண்டும். வினாயகமூர்த்தியும் போய்க் குந்தினார்.

மத்தியானம் சாக்கையும் அகப்பட்டவர்களையும் ஏற்றிக்கொண்டு லொறி போனது. வாசலில் நின்ற பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு அதன் பின்னால் ஓடினார்கள். பார்க்கச் சகிக்காமல் வினாயகமூர்த்தி நிலத்தைப் பார்த்தபடி வெளியே வந்தார்.

பாதி வழியில் புத்தி பழையபடி வேலைசெய்யத் தொடங்கியது. உயிருக்குப் பயந்து செய்த சத்தியத்தை அம்மாள் கணக்கெடுக்கமாட்டாள். சாக்குக்குக் கொடுத்த வாக்கு சாக்கோடு லொறி ஏறிப் போய்விட்டது, இனி அது திரும்பி வந்தா கேட்கப் போகிறது? கிளாக்கர்தான் மாப்பிள்ளை. வினாயகமூர்த்தி சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

பின்வரிசைக்காரர்களைக் கடைசியாகத்தான் விட்டார்கள். அவர்கள் கூட்டமாகப் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் எட்டி நடந்து வந்து அவர் பக்கத்தில் சேர்ந்துகொண்டான். உடுத்திருந்த சறமெல்லாம் மைதானத்து மண், கையில் வாகரைக் கருவாட்டுப் பொட்டலம்.

நல்லரத்தினம்.

"எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தன், மாமா. எப்ப நாள் வைப்பம்?"