எழுபத்தெட்டு கிலோ

"மூவாயிரத்து ஐந்நூத்து எழுபத்தெட்டு." எடைமேடைத் திரையைப் பார்த்துச் சொன்னார் பெண் போலீஸ் லைட்னர். "மூவாயிரத்து ஐந்நூறுதான் அனுமதி. எழுபத்தெட்டு கிலோ கூடுதல். இதோட உங்களை மலை ஏற விட முடியாது சார்."

எக்கார்ட்டால் நம்ப முடியவில்லை. ஸ்டுட்கார்ட்டிலிருந்து கிளம்புமுன் இரண்டு வாரம், கேரவனுக்குள் ஏறுகிற ஒவ்வொரு பொருளையும் குளியலறைத் தராசில் வைத்துப் பார்த்தவர் அவர். மனைவி ரோஸ்விதாவின் இரும்பு வாணலி, தையல் மெஷின், மடக்கு நாற்காலி எல்லாம் அந்தத் தராசில் தோற்றுப்போய் வீட்டிலேயே தங்கிவிட்டன.

தராசுப் பக்கமே போகாமல் தப்பித்தது மோட்டார் சைக்கிள் ஒன்றுதான். கேரவனின் பின்புறத் தாங்கியில் நான்கு பட்டைகள் இழுத்துப் பிடிக்க, ராஜா மாதிரி நின்றது. பட்டை உரசி வண்ணம் போய்விடக் கூடாதே என்று அடியில் ரோஸ்விதாவின் இரண்டு கம்பளிச் சால்வைகளை மடித்து வைத்திருந்தார்.

"தண்ணித் தொட்டியைக் காலி பண்ணுங்களேன்," என்றார் லைட்னர்.

"கிளம்பும்போதே பண்ணிட்டேன் மேடம். ஏரிக்கரை போய்ச் சேர்ற வரைக்கும் குளியலே கிடையாதுன்னு இவகிட்ட சொல்லிட்டேன்."

"அப்போ சுலபம். மோட்டார் சைக்கிளை இறக்குங்க. நீங்க அதுல ஏறிப் பின்னாடியே வந்துடுங்க."

எக்கார்ட் தொண்டையைச் செருமினார். "இன்னிக்கு முடியாது. முழங்கால் வலி. பதினெட்டாம் தேதிக்கு மேலன்னா தாராளமா ஓட்டுவேன்."

"உங்க முழங்கால் காலண்டர் பார்க்குமா சார்?"

அவர் திரும்பி, ஒரு பட்டையை இழுத்துப் பார்த்தார்.

"இங்கயே ஏதாவது கராஜ்ல விட்டுட்டுப் போலாம். திரும்பி வரும்போது எடுத்துக்கலாம்," என்றார் ரோஸ்விதா.

"முன்னப்பின்ன தெரியாதவன்கிட்ட இதை விட்டுட்டுப் போறதா? உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா ரோஸி?"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் பார்வை மனைவியின் மேல் நின்றது. மேலிருந்து கீழ்வரை ஒருமுறை இறங்கியது.

"செல்லம், உன் எடை எவ்வளவு?"

"அறுபத்தாறு."

"போன ஞாயித்துக்கிழமை எழுபத்திரண்டு. நான்தானே பார்த்தேன்? உன் பெட்டி பதினொண்ணு. ஆக எண்பத்துமூணு!" அவர் முகம் மலர்ந்தது. "இன்ஸ்ப்ரூக்ல ரயில் ஏறிட்டா எனக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துடுவ. ஜன்னலோரமா உக்காந்துக்கோ, மலையெல்லாம் அழகாத் தெரியும்."

லைட்னர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். முப்பத்தொரு வருடம் குடும்பம் நடத்திய ரோஸ்விதா முதலில் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார், கொஞ்சம் அதிக நேரம்.

"அப்போ அது இருக்கும், நான் இறங்கணும்."

"தப்பா எடுத்துக்காதே. இது வெறும் கணக்கு."

"நல்லா யோசிச்சுச் சொல்லு எக்கார்ட். நிஜமாவே நான் போயிடவா?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"இன்னொரு தடவை கேக்கறேன்..."

"ரோஸி! ரயில் போயிடும்."

ரோஸ்விதா உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தார். கூடவே கணவரின் தொத்திறைச்சி ரொட்டிப் பொட்டலமும் வந்தது.

"இது ஒரு கிலோ இருக்கும். உனக்கு உதவியா இருக்கட்டும்," என்றார்.

நெடுஞ்சாலையில் கேரவனை மறித்து இங்கே அனுப்பிவைத்த போலீஸ்காரர் பணி முடிந்து இன்ஸ்ப்ரூக் பக்கம் போய்க்கொண்டிருந்தார். தன் காரிலேயே ரோஸ்விதாவை ஏற்றிக்கொண்டார். கார் வளைவில் திரும்பும்வரை ரோஸ்விதா கையசைக்கவில்லை. எக்கார்ட்டும் கவனிக்கவில்லை. அவர் கேரவனுக்குள் ஏறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு திரை மாறக் காத்திருந்தார்.

மூவாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்று நான்கு.

"பார்த்தீங்களா மேடம்? கணக்குல என்னை யாரும் அடிச்சுக்க முடியாது," என்றபடி குதித்து இறங்கினார். முழங்கால் நன்றாகவே ஒத்துழைத்தது.

லைட்னர் படிவத்தை நிரப்பிக் கையெழுத்து வாங்குவதற்குள், எக்கார்ட் நான்கு பட்டைகளையும் மறுபடி இறுக்கினார். மோட்டார் சைக்கிளைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். கேரவன்தான் ஆடியது. மோட்டார் சைக்கிள் அசையவில்லை. திருப்தியோடு அதன் இருக்கையைத் தட்டிக்கொடுத்தார். முக்கால் மணி நேரம் போயிருந்தது.

"வண்டியை எடுங்க சார். பின்னாடி நாலு பேர் ஹாரன் அடிக்கிறாங்க."

எக்கார்ட் முன்பக்கம் போய்க் கதவின் பிடியில் கை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது. ரோஸ்விதா போன சாலையைத் திரும்பிப் பார்த்தார்.

"மேடம், அந்த ரயில் எத்தனை மணிக்கு?"

"இப்பதான் கிளம்பியிருக்கும். ஏன்?"

"ரொம்ப வேகமாப் போனேன்னு என் லைசென்ஸைப் பிடுங்கி வச்சிருக்காங்க. அடுத்த வாரம்தான் தருவாங்க."

லைட்னர் பேனாவை மூடினார். "அப்போ இதை இங்க வரைக்கும் யார் ஓட்டிக்கிட்டு வந்தது?"

எக்கார்ட் கதவின் பிடியிலிருந்து கையை எடுத்தார்.

"இறக்கி விட்டேனே... அவதான்."