கனகாம்பாளுக்கு ஒரு போர்டு

"மாமா, அத்தையோட நல்ல போட்டோ ஒண்ணு குடுங்க."

சுப்புராஜ் கேட்டதும் வெங்கிடாசலம் நிமிர்ந்து பார்த்தார்.

"எதுக்கு?"

போன வாரம்தான் மட்டாஞ்சேரி கடைத்தெருவில் ஒரு தனியார் பஸ் அவர் மனைவி கனகாம்பாளை அடித்துப் போட்டுவிட்டது. மருந்து வாங்கப் போனவள். சுப்புராஜின் சுக்கு மண்டி வாசலிலேயே உயிர் போய்விட்டது.

"அத்தை சாவு சும்மா போகக் கூடாது மாமா. ஞாயித்துக்கிழமை தர்ணா வச்சிருக்கோம். பஸ்காரனுங்க கொட்டம் அடங்கணும், வேகத்தடை போடணும். என் செலவுல பெரிசா 'ஆதராஞ்சலி'ன்னு போட்டு அஞ்சலி போர்டு அடிக்கறேன். மண்டிக்கு முன்னால நடைபாதையிலேயே நிறுத்திடலாம். போற வர்றவங்க அத்தனை பேரும் பார்க்கணும்."

"அங்கேயா?"

"பின்னே? உயிர் போன எடமாச்சே!"

"போட்டோ கீட்டோ ஒண்ணும் கிடையாது. போயிட்டு வா."

முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார் கிழவர்.

சாயாக்கடை வரைக்கும் இதே பேச்சுதான்.

"எந்தா மனுஷனோ! பொண்டாட்டி போனதுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே."

"அந்தம்மா காலமெல்லாம் வடிச்சுக் கொட்டினதுக்காவது ஒரு போட்டோ தரக் கூடாதா? கல்லுளிமங்கன்!"

ஊர்வாய்க்கு மூடியா போட முடியும்? கடைசியில் மருமகள் சுனிதாதான், மாமனாருக்குத் தெரியாமல், சுப்புராஜைப் பின்வாசலுக்கு வரச் சொல்லிப் படத்தைக் கொடுத்தாள்.

"அவரு சொன்னதை மனசில வச்சுக்காதீங்க சேட்டா."

ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம். அப்போது ஃப்ளெக்ஸ் வந்த புதிது. புதுச்சேலையும் சிரிப்புமாக ஆள் உயரத்துக்கு மேல் நின்றாள் கனகாம்பாள்.

சுப்புராஜ் ஒரு சுக்கு மூட்டை மேல் ஏறி நின்று மைக்கைப் பிடித்தான்.

"தாயில்லாப் பிள்ளையான எனக்குச் சோறு போட்டு வளர்த்த அத்தைங்க இவங்க..." குரல் உடைந்தது. நடிப்பில்லை, நிஜமாகவே அழுதான். "இனிமே இந்தத் தெருவுல வயசானவங்க ஒவ்வொருத்தரும் பயமில்லாம நடக்கணும்!"

கைதட்டல் அடங்குவதற்குள் வெங்கிடாசலம் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது.

"இப்பவாவது மனசு இளகிச்சே" என்றார் ஒருவர்.

கிழவர் நேராகப் போர்டிடம் போனார். மனைவியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கம்பைக் கீழே போட்டுவிட்டு, போர்டின் மூங்கில் காலை இரண்டு கையாலும் பிடித்து இழுக்கத் தொடங்கினார்.

"ஐயோ, பிடிங்க அவரை! கட்டினவ போர்டையே பிடுங்கறாரு பாருங்க!"

சுப்புராஜ் குதித்து ஓடிவந்து அவர் கையைப் பிடித்தான்.

"மாமா! அவங்க செத்தும் விடமாட்டீங்களா? அத்தை மேல அப்படி என்ன கோபம் உங்களுக்கு?"

கிழவருக்கு அத்தனை நாளும் அடக்கி வைத்திருந்த அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"அவ மேல எனக்கு என்னடா கோபம்? உன் மூட்டைங்க நடைபாதைய மறிச்சதாலதான் அவ ரோட்டுல எறங்கி நடந்தா. இப்ப அவளையே கொண்டாந்து மத்தவங்க வழிய மறிச்சு நிக்க வச்சிட்டியேடா!"