உள்ளே மட்டும் புதுசு

"ஃபர்ம்வேரை மட்டும் அப்டேட் பண்ணுப்பா. ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தொடாதே."

மேனேஜர் சொன்னதும் டெக்னீஷியன் விழித்தான்.

"சார், ஃபர்ம்வேர்ங்கறது மெஷின் முழிக்கும்போது உள்ளே ஓடுற சின்ன புரோகிராம். அதை மாத்தினா பாதுகாப்பு கூடும், அவ்வளவுதான். சிஸ்டம்தான் அரதப் பழசா இருக்கு. தலைமை ஆபீஸ் சும்மாவே தர்றாங்க. இன்னிக்கு விட்டா போச்சு."

"போனா போகட்டும். ஸ்க்ரீன்ல ஒரு ஐகான்கூட இடம் மாறக் கூடாது."

லிஃப்ட் ரிப்பேர் கம்பெனியின் புகார் பிரிவு அது. மொத்தமே நாலு மெஷின். மேனேஜர் அறைக்குள் போனதும் ஊழியர்களின் புலம்பல் ஆரம்பித்தது.

"பார்த்தீங்களா? சும்மா கொடுத்தாலும் வேணாமாம்! இவருக்கு நாங்க வெச்ச பேரே 'பழசு'தான்."

"இதுல ஒரு புகார் திறக்கறதுக்குள்ள, லிஃப்டுல மாட்டினவன் ஒரு தூக்கமே போட்டு எழுந்துடுவான்."

"அக்கா, நீங்களாவது அவர்கிட்ட சொல்லுங்களேன்."

ஜன்னலோர மேஜை அக்கா சிரித்தார். "எனக்கென்னப்பா, எதைக் கொடுத்தாலும் அடிப்பேன்."

வீண் பேச்சில்லை. வேகத்தில் அவரை மிஞ்ச அந்த ஆபீஸில் ஆளே கிடையாது.

டெக்னீஷியன் அக்காவின் மெஷினில் வேலையை ஓடவிட்டு அடுத்த மேஜைக்கு நகர்ந்தான். திரும்பிப் பார்த்தபோது, அக்கா ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு புகாரை மளமளவென்று அடித்துக்கொண்டிருந்தார்.

ஸ்க்ரீன் முழுக்க இருந்ததோ, கொட்டை எழுத்தில் ஒரே வரி: 'அப்டேட் முடிந்தது. தொடர F1 அழுத்தவும்.'

மெஷின் இன்னும் திறக்கவேயில்லை!

"அக்கா, ஸ்க்ரீன்ல..." என்று வாயெடுத்தவனின் கையை யாரோ பிடித்தார்கள். மேனேஜர்.

"சத்தம் போடாதே," என்றார் காதோரமாக. "அவங்களுக்குப் பார்வை கிட்டத்தட்ட முழுசா போயிடுச்சு. கைப்பழக்கத்துலதான் ஓட்டறாங்க. புது சிஸ்டத்துல எல்லாம் இடம் மாறிடும். அவங்களுக்கு மட்டும் பழசை விட்டா நாலு பேர் ஏன்னு கேட்பாங்க. விஷயம் மேல போனா அன்னிக்கே வேலை காலி. வீடே அவங்க சம்பளத்தை நம்பித்தான் இருக்கு. எனக்குத் தெரியும்னு அவங்களுக்கே தெரியாதுப்பா."



அக்கா பேசி முடித்து ஹெட்போனைக் கழற்றினார். மேனேஜர் குனிந்து F1-ஐ அழுத்தினார்.

"ஐயையோ, ஸாரிக்கா! ஏதோ தப்பா அமுக்கிட்டேன். நீங்க அடிச்சதெல்லாம் போச்சு. மெஷின் திறந்ததும் இன்னொரு தடவை அடிச்சிடறீங்களா?"

அக்காவுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

"என்ன சார் நீங்க! கண்ணைத் திறந்து பார்த்து அமுக்கக் கூடாதா?"