நாட் ஃபைன்

"ஹவ் ஆர் யூன்னு கேட்டா என்ன சொல்லணும்?"

"ஃபைன், தேங்க் யூ!"

ஹோட்டலின் சலவைக் கூடமே ஒரே குரலில் கத்தியது. ஒருத்தி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

சூப்பர்வைசர் அம்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "அடாவடி! உன் வாய்க்கு மட்டும் என்ன பூட்டா போட்டிருக்கு?"

அவளுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை.

"ஃபைன்னா அபராதம்தானே மேடம்? லேட்டா வந்தா போடுறீங்களே, அது. போட்டவங்களுக்கு தேங்க் யூ வேற சொல்லணுமா?"

கூடம் குலுங்கிச் சிரித்தது.

"அந்த ஃபைன் வேற, இந்த ஃபைன் வேற. நல்லா இருக்கேன்னு அர்த்தம்."

"நல்லா இல்லாதவ என்ன சொல்லணும்?"

"அவளும் ஃபைன்னுதான் சொல்லணும். ஒரு மரியாதைக்குக் கேக்கறது அது. உன் கதையைக் கேக்க இங்க யாரும் வரலை."

"கேக்க இஷ்டமில்லேன்னா எதுக்குக் கேக்கணும்?"

சூப்பர்வைசர் அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

புது முதலாளியம்மா கூடத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறார். வெளிநாட்டில் படித்தவர். எல்லாரும் இங்கிலீஷில்தான் வணக்கம் சொல்ல வேண்டும், பதில் சொல்ல வேண்டும் என்பது மேனேஜர் உத்தரவு. அதனால் வேலை முடிந்ததும் தினமும் இந்தக் கூத்து.

துணி மடிக்கிற பெண் 'குட் மார்னிங்'குக்கு 'குட் நைட்' சொன்னாள். இன்னொருத்தி 'ஹவ் ஆர் யூ'வுக்கு 'சேம் டு யூ' என்றாள். ஆனாலும் நாலைந்து நாளில் எல்லாருக்கும் நாக்கு பழகிவிட்டது.

அடாவடி மட்டும் அசையவில்லை. அழுக்குத் துணி ஏற்றிவரும் வேன் டிரைவரைப் பிடித்துக் கேட்டாள்.

"அண்ணே, நல்லா இல்லேங்கிறதுக்கு இங்கிலீஷ்ல என்ன?"

"ஃபைனுக்கு முன்னாடி ஒரு நாட் போட்டுக்கோ."

அதை முணுமுணுத்துக்கொண்டே திரிந்தாள். விஷயம் சூப்பர்வைசர் அம்மா காதுக்குப் போனது. தனியாகக் கூப்பிட்டார்.

"உனக்கு என் மேல என்னடி கோபம்? நீ அங்க ஏதாவது உளறினா மேனேஜர் என் சீட்டைத்தான் கிழிப்பார். எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

"தெரியும் மேடம்."

"அப்ப ஃபைன்னு சொல்லிட்டுப் போயேன்."

"மாட்டேன்."

பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களுக்கே பொறுக்கவில்லை. "கல்நெஞ்சுக்காரி" என்றார்கள், அவள் காதில் விழும்படியாகவே.

முதலாளியம்மா வந்தார். சுவரோரமாக எல்லாரும் வரிசையாக நின்றார்கள். மேனேஜர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"குட் மார்னிங். ஹவ் ஆர் யூ?"

"ஃபைன், தேங்க் யூ."

அடுத்தவள். "ஃபைன், தேங்க் யூ." அதற்கடுத்தவளும் அதையே சொன்னாள். தண்ணீர் மாதிரி ஓடியது.

அடாவடி முறை வந்தது.

"ஹவ் ஆர் யூ?"

"நாட் ஃபைன், மேடம்."

மேனேஜர் சிரிப்பு பாதியில் நின்றது. சூப்பர்வைசர் அம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

போகக் காலெடுத்த முதலாளியம்மா திரும்பினார். "ஏன், என்ன ஆச்சு?" தமிழிலேயே கேட்டுவிட்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்லை மேடம். நான் குத்துக்கல்லு மாதிரி நல்லாத்தான் இருக்கேன்."

சொல்லிவிட்டு, வரிசையின் கடைசிக்கு விறுவிறுவென்று நடந்தாள். சூப்பர்வைசர் அம்மாவின் கோட்டுக் கையைப் பிடித்து முழங்கை வரைக்கும் மேலே சுருட்டினாள்.

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கொப்புளம். சிலது உடைந்து, சிலது புதுசாகப் பொங்கி.

"விடுடி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கையை இழுத்தார் சூப்பர்வைசர் அம்மா. அடாவடி விடவில்லை.

"இது எப்படி?" என்றார் முதலாளியம்மா.

மேனேஜர் முந்திக்கொண்டார். "கவனக்குறைவு மேடம். விரிப்பு தேய்க்கிற சூடான ரோலர் அது. இவங்கதான் பார்த்து நின்னிருக்கணும்."

"தடுப்புக் கம்பி உடைஞ்ச ரோலர்ல எப்படிப் பார்த்து நிக்கிறது?" அடாவடியின் குரல் கூடத்தின் அந்தக் கோடிவரை கேட்டது. "மாத்திக் கொடுங்கன்னு இவங்க உங்ககிட்ட எத்தனை தடவை நடந்தாங்க? அப்புறம் பார்க்கலாம், அப்புறம் பார்க்கலாம்னு சொன்னது யாரு? இதைச் சொல்லத்தான் நினைச்சேன். தமிழ்ல ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னுட்டீங்க. அதான் இங்கிலீஷ் கத்துக்கிட்டேன்."



"முதல்ல அந்த மெஷினை நிறுத்துங்க" என்றார் முதலாளியம்மா. "மேனேஜர், நீங்க இவங்களை டாக்டர்கிட்ட அழைச்சிட்டுப் போயிட்டு, நேரா என் ரூமுக்கு வாங்க."

ரோலர் பெருமூச்சு விட்டு நின்றது. முதலாளியம்மா அந்த உடைந்த கம்பியையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வரிசையைப் பார்த்து, "இத்தனை பேர் இருக்கீங்க. இதுல வேற யாருக்கெல்லாம் அடிபட்டிருக்கு? பயப்படாம காட்டுங்க" என்றார்.

ரோலர் பக்கம் எட்டிப் பார்த்தாலே, 'உனக்கெல்லாம் இந்த மெஷின் ஒரு கேடா' என்று சூப்பர்வைசர் அம்மா தங்களை விரட்டியடித்தது ஏன் என்று வரிசையில் நின்றவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

அடாவடி முதலில் தன் இரண்டு கைகளையும் நீட்டினாள். அவளைப் பார்த்து ஒவ்வொருத்தியாக நீட்டினார்கள்.

ஒரு கையில்கூட ஒரு சின்ன வடு இல்லை.