வெள்ளைப் பூச்சு

“இந்த மஞ்சள் தங்க மோதிரத்துக்கு வெள்ளைப் பூச்சு ஏத்திக் குடுங்க, தம்பி.”

கிரேக்க நகரமான தெசலோனிக்கியின் அந்தச் சின்ன நகைக்கடையில், அந்த அம்மாள் நீட்டிய மோதிரத்தைக் கடைக்காரன் ஸ்ட்ராட்டோஸ் திருப்பிப் பார்த்தான். ஆணின் கல்யாண மோதிரம். வழக்கம்போல் உள்பக்கம் மனைவியின் பெயர்: எவாந்தியா.

“ஊரே வெள்ளைத் தங்கத்துக்குப் பறக்குதுன்னு நீங்களும் கிளம்பிட்டீங்களா, எவாந்தியாம்மா? வீட்டுக்காரருக்குத் தெரியுமா?”

“தெரியாது. சொல்லாமத்தான் எடுத்துட்டு வந்தேன்.”

“மெருகு போட்டுத்தான் பூச்சு ஏத்தணும். உள்ளே இருக்கிற பேர் தேய்ஞ்சிடும். பரவாயில்லையா?”

அவள் சட்டென்று அவன் கையைப் பிடித்தாள்.

“பேர்ல கை வைக்கிறதா இருந்தா மோதிரத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க.”

“உங்க பேர் மேல உங்களுக்கு அவ்வளவு ஆசையா?” என்று சிரித்தான்.

“என் பேர் தோம்னா. எவாந்தியா அவரோட முதல் சம்சாரம். தவறிப்போய் ஆறு வருஷமாச்சு. எங்க கல்யாணத்தன்னிக்கு அவர் இதைக் கழட்டி, பழைய காலுறைக்குள்ள ஒளிச்சு வெச்சார். நான் வெளியே போய்ட்டு வந்தா அவர் கண்ணு சிவந்திருக்கும்.”

ஸ்ட்ராட்டோஸ் மெருகுத் துணியைக் கீழே வைத்தான்.

“நான் அவருக்குப் போட்ட மோதிரம் வெள்ளை. இதுவும் வெளிப்பக்கம் வெள்ளையானா ஜோடியாத் தெரியும். ரெண்டையும் ஒரே விரல்ல போட்டுக்கட்டும். அழணும்னா என் பக்கத்துல உக்காந்தே அழட்டும்.”