ரெண்டு அடி

“ரெண்டு அடி வாங்காம நீ விளையாடப் போக முடியாது. முதல்ல சிணுங்கறதை நிறுத்து. அழுதுக்கிட்டே வாங்கினா எல்லாம் வேஸ்ட்!”

மூன்றாவது மாடிப் படியில் மூச்சு வாங்க நின்ற அத்தைக்குச் சுருக்கென்றது. தம்பி பெண்டாட்டியின் குரல்தான். தம்பிக்கு அவள் இரண்டாம் தாரம். தம்பி மகளுக்குச் சித்தி.

தாயில்லாத அந்தப் பெண்ணைத் தன் வீட்டில் வைத்துப் பொத்திப் பொத்தி வளர்த்தவள் அத்தை. தம்பி மறுபடி கல்யாணம் செய்து மகளை அழைத்துப் போனதிலிருந்து அவளுக்குத் தூக்கமே இல்லை. சித்தி என்றால் எப்படி இருப்பாள் என்று அவளுக்கா தெரியாது? பிள்ளையைத் துணிமணியோடு திரும்ப அழைத்துப் போக, காலிப் பை ஒன்றையும் கையோடு கொண்டு வந்திருந்தாள்.

“வாயை மூடு. இன்னும் இறுக்கி மூடு. ம்... அப்படியே இரு!”

அத்தை கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள்.

நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள் சிறுமி. முகம் சிவந்திருந்தது. எதிரே சித்தி. அவள் கையில் நீளமாக ஒரு பிளாஸ்டிக் குழாய்.

“அடிப்பாவி! இதாலயா அடிச்ச?”

“ஆமா அண்ணி, இதாலதான் அடிக்கணும். கொஞ்சம் இருங்க” என்று சொல்லிவிட்டுச் சித்தி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தாள்.

“விட்ட அடிக்குக் கணக்கு வேறயா?” அத்தை பிள்ளையின் தோளைப் பற்றினாள். “கண்ணு, சித்தி அடிச்சாளா?”

சிறுமி ஆமாம் என்று தலையாட்டினாள்.

“வாயைத் திறந்து சொல்லும்மா!”

மாட்டேன் என்று தலையாட்டினாள்.

“ஐயோ, வாயாடிப் புள்ளைய ஊமையாக்கிட்டாளே! எழுந்திரு, நம்ம வீட்டுக்குப் போகலாம். அங்க உன்னை யாராவது ஒரு அதட்டல் போட்டதுண்டா?”

கடைசி விரலும் மடங்கியது. சிறுமி புஸ்ஸென்று மூச்சை விட்டாள்.

“என்ன அத்தை நீங்க! மூச்சைப் பிடிச்சிட்டு இருக்கும்போது பேசச் சொல்றீங்க! மருந்து வெளிய வந்துராதா?”

“மருந்தா?”

சித்தி குழாயைத் திருப்பிக் காட்டினாள். அதன் பின்பக்கம் செருகியிருந்தது, அத்தைக்கு நன்றாகத் தெரிந்த இன்ஹேலர். பிள்ளைக்கு இழுப்பு வரும்போதெல்லாம் மடியில் போட்டுக்கொண்டு, அழுது திறந்த வாய்க்குள் அவளே பதறிப் பதறி அடித்த அதே இன்ஹேலர்.

“இதையேதானே நானும் அடிச்சேன்? அப்பவும் இவளைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேனே...” அத்தை கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

“உங்க மேல தப்பில்ல அண்ணி. இந்தக் குழாயை வச்சு அடிக்கணும்னு எனக்கும் டாக்டர் சொல்லித்தான் தெரியும்” என்றாள் சித்தி. குழாயை நன்றாகக் குலுக்கினாள். “வாம்மா, ரெண்டாவது அடி.”

சிறுமி குழாயை வாயில் கவ்வினாள். சித்தி இன்ஹேலரை அழுத்தியதும் நிதானமாக, ஆழமாக இழுத்தாள். உதட்டை மூடினாள். இந்த முறை அத்தையும் சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

சித்தியின் கடைசி விரல் மடங்கிய அடுத்த நொடி சிறுமி நாற்காலியிலிருந்து குதித்தாள். பையை எட்டிப் பார்த்து, “எனக்கு ஒண்ணும் வாங்கிட்டு வரலையா?” என்று முகத்தைச் சுளித்தாள். படியிறங்க ஓடியவள், வாசலில் நின்று திரும்பினாள்.

“அத்தை, நீங்க அடிச்சதெல்லாம் என் நாக்குலதான் பட்டுச்சு. சித்தி அடிச்சாத்தான் நெஞ்சுல படுது!”