ஏழாவது வண்டி

அம்மா வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தாள்.

ஐம்பத்திரண்டு வயதில், இடுப்புவலியோடு, மருந்துக்கடைக்காரர் ஒருவரின் வீட்டு வாசலில் பழைய சாக்கை விரித்துப் படுப்பது அவளுக்கொன்றும் புதிதல்ல. அவள் இன்ஷூரன்ஸ் சர்வேயர். விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து எழுதிக் கொடுப்பது இருபத்தாறு வருடப் பிழைப்பு.

இது மகள் வாங்குவதற்காகப் பார்க்க வந்த கார், அடிபடாத வண்டி. அதுதான் சிக்கல்.

துணி சுற்றிய காந்தத்தைக் கதவோரங்களில் ஓட்டிப் பார்த்துவிட்டாள். பட்டி பூசி மறைத்த இடம் ஒன்றுகூட இல்லை. அடித்தகட்டை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டினால் கணீரென்கிறது. துரு கிடையாது, ஒழுகல் கிடையாது. சின்ன வண்டி, பழைய வண்டி, விலையும் கைக்கு அடக்கம். உதிரிபாகம் எந்தச் சந்தில் கேட்டாலும் கிடைக்கும்.

குறை சொல்ல வாய் வராது. ஆனால் சொல்லியாக வேண்டும்.

மகள் கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். பார்த்தால் பூனை மாதிரி இருப்பாள். அவளுக்குப்போய் மலைப்பக்கத்து மண்சாலைகளில் கடிகாரத்தோடு போட்டி போட்டு ஓட்டும் ராலி பைத்தியம் எங்கிருந்து தொற்றியதோ, ஒரு கிளப்பில் சேர்ந்துவிட்டாள். அங்கிருந்த பெரிய கைகள் சொல்லி அனுப்பினார்களாம், முதல் வண்டி என்றால் சின்னதாக, பழையதாக, கவிழ்ந்தாலும் வயிறு எரியாததாகப் பார் என்று.

அம்மாவுக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை. கவிழ்ந்தாலும் என்பது மட்டும் விழுந்தது.

நசுங்கிய கதவைப் பார்த்தே உள்ளே எந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்லிவிடுவாள் அவள். இருக்கைக்கு அடியில் ஒற்றைச் செருப்பு கிடக்கும். அதைப் பற்றி ரிப்போர்ட்டில் எழுத இடமில்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு, மகள் வந்துவிட்டாளா என்று எட்டிப் பார்ப்பாள்.

போகாதே என்றால் கேட்கிற வயதில்லை மகளுக்கு. வண்டி சரியில்லை என்றால் கேட்பாள். வண்டி விஷயத்தில் அம்மா சொன்னால் சொன்னதுதான் என்று வளர்ந்த பிள்ளை.

அப்படித்தான் இதற்கு முன் ஆறு வண்டிகளைத் தட்டிக் கழித்தாள்.

சாக்கிலிருந்து எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டாள். மருந்துக்கடைக்காரர் ஆவலோடு பார்த்தார். மகள் பார்க்கவில்லை. வண்டியின் முன்கண்ணாடியில் படிந்திருந்த தூசியை விரலால் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"சேசிஸ் வளைஞ்சிருக்கு. எப்பவோ பலமா அடி வாங்கியிருக்கு."

"மேடம், எட்டு வருஷமா நான் ஒருத்தன்தான் ஓட்டறேன். சுவத்துலகூட உரசினதில்ல" என்றார் அவர்.

பாவம் மனிதர். ஊரான் வண்டிமேல் பழி போடுகிறோமே என்று அம்மாவுக்குக் கூசத்தான் செய்தது. ஆனால் நெஞ்சுக்குள் ஒரு வாரத்துக்கான மூச்சு இறங்கியது. அடுத்த வண்டி வரும்வரை மகள் பத்திரம்.

இருவரும் தெருமுனை வரை நடந்தார்கள். அங்கே மகள் நின்றாள்.

"இனிமே நீ யார் வீட்டு வாசல்லயும் படுத்து எழுந்திருக்க வேண்டாம்மா. போன வாரமே நான் வண்டி வாங்கிட்டேன்."

அம்மா திரும்பி அவளைப் பார்த்தாள்.

மகள் கோபப்படவில்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை. அம்மா இன்ஜின் போச்சு என்று ஒதுக்கிய இரண்டாவது வண்டியைக் கிளப்பில் வேறொருவர் வாங்கினாராம். இரண்டு போட்டி ஓடியும் அது ஒரு நாள்கூட மக்கர் பண்ணவில்லையாம். அன்றைக்கே எல்லாம் புரிந்துவிட்டதாம். ஒரு தடவையாவது வாய் தவறி நல்லா இருக்கு என்று சொல்லிவிட மாட்டாளா என்றுதான் இன்றும் கூட்டி வந்தாளாம்.

"எது நல்ல வண்டியோ அதைத்தானே நீ மோசம்னு சொல்றே? அதனால நீ எதை ரொம்பத் திட்டினியோ அதையே வாங்கிட்டேன். அந்த நீல வண்டி. கிளப் மெக்கானிக் கேட்டார், யார் பார்த்தாங்கன்னு. எங்கம்மா பார்த்தாச்சுன்னேன். உன் பேரைச் சொன்னதும் அதுக்கு மேல அவர் பார்க்கவே இல்ல. கூண்டுகூட வச்சாச்சு."

கூண்டு என்றால் வண்டி உருண்டாலும் கூரை தலையில் இறங்காமல் தாங்கும் இரும்புக் குழாய்ச் சட்டம். அதன் கால்களை வண்டியின் தரையோடு வைத்துப் பற்ற வைப்பார்கள்.

நீல வண்டிக்குத் தரை இல்லை. அன்று உள்ளே மிதியடியைத் தூக்கித் தரையைத் தட்டியபோது சொத்தென்றது. துரு தின்ற ஓட்டைகளின்மேல் தகரத்தை ஒட்டிக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார்கள். மனுஷன் விற்கிற வண்டியா இது என்று விற்க வந்தவனை அரைமணி நேரம் நிற்க வைத்துக் கிழித்தாள்.

ஆறில் அது ஒன்றைப் பற்றி மட்டும்தான் அவள் உண்மை சொல்லியிருந்தாள்.

மகளின் கையை இறுகப் பிடித்தாள்.

"அந்த வண்டி வேண்டாம்டி கண்ணு. அதுல தரையே இல்ல. இது சத்தியம்டி, அம்மா நிஜமாத்தான் சொல்றேன்."

மகள் அந்தக் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தாள்.

"வண்டி எப்படியோன்னு உள்ளுக்குள்ள கொஞ்சம் பயம் இருந்ததும்மா. நீ இவ்வளவு பதறினதும் அது போயிடுச்சு."